எடுத்துக் கொடுத்த கை

மார்ச் 14, 2006, செவ்வாய்

பெரம்பலூரில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்கு ஆள் எடுக்க, எங்கள் எம்.பி.ஏ. வகுப்பில் ஆறு பேரை இன்று கடையிலேயே நிற்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். "என்னங்கய்யா வேணும்?" என்றேன். சீயக்காய்த்தூளும் சோப்பும் கேட்டார். ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். குரும்பலூரில் எங்கள் மளிகைக் கடையில் பழகிய கை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அவரா சுத்திப் பாத்து எடுத்தா நாலு பொருள் கூட வாங்குவாரும்மா. நீ எடுத்துக் குடுத்தா இத்தனை ரேக் எதுக்கு?" கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை.

"கடையில வளந்த பொண்ணு, உன்னத்தான் எடுப்பாங்க" என்று சொல்லித்தான் அப்பா காலையில் பஸ் ஏற்றிவிட்டார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் எங்கள் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு செல்வி அக்கா கால் கிலோ துவரம்பருப்பு கேட்டார். அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோலச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் எழுந்து வந்து நிறுத்துக் கொடுத்தார்.

"அசதியா இருக்கியாம்மா?" என்றார்.

ஆமாம் என்றேன்.