முகமூடிக்காரர் ‘நீர்’ என்றுதான் சொன்னார்

சின்னம்மா,

இன்று காலை ரிமோட்டின் பொலித்தீன் உறையை மாற்றினோம். உப்புக் காற்று உள்ளே போய்விடும் என்று நீங்கள் நாலாகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு வைத்த உறை. மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சத்தத்தை நிறுத்துகிற பொத்தானுக்கு மேலே மட்டும் உங்கள் பெருவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை. தங்கச்சி துளசி அந்த ஓட்டைக்குள் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, “அக்கா, மிச்சப் படத்தை எப்ப பாக்கிறது?” என்று கேட்டாள்.

அவள் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் ‘பிறகு’ என்று தள்ளி வந்தேன்.

மற்ற வீடுகளில் படம் பார்க்கும்போது சத்தத்தைக் கூட்டுவார்கள் என்பதே எனக்கு வெகு நாளாகத் தெரியாது. எங்கள் வீட்டில் சத்தத்தை நிறுத்தினால்தான் படம் தொடங்கும். நீங்கள் பிரம்புக் கதிரையில் காலை மடித்து உட்கார்ந்து, பறக்கிறவர், பறக்காதவர், பூதம், பொலிஸ்காரர் எல்லோருக்கும் நீங்களே பேசுவீர்கள். நாலாம் வகுப்பில் நான் ஒரு படத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சண்டைக்குப் புறப்படும் முன் முகமூடிக்காரர், “கொஞ்சம் பொறும், தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று சொல்வார் என்றேன். வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டு வந்து உங்களிடம் கேட்டபோது, நீங்கள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “அவர் குடிக்கேல்லை எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?” என்றீர்கள்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தாத்தா தெற்கே கடை வைத்திருந்த, சின்ன வயதில் நீங்கள் இருந்த ஊரைப் பற்றிச் சொன்னீர்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் வந்த கீறின கார்ட்டூன் படங்கள் எல்லாம் சிங்களத்தில் பேசுமாம். “அணில்கூட அவையின்ர ஊர்க் கதை கதைக்கும். நான் வீட்டை வந்து, எங்கட அணில் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடப்பன்.” இப்போது தமிழ்க் குரலோடும் படங்கள் வருகின்றனவே என்றேன். “நல்ல தமிழ்தான். ஆனா வீட்டுக்கு வந்த விருந்தாளி கதைக்கிற மாதிரிக் கிடக்கு” என்றீர்கள்.

பக்கத்து வீட்டு நிரோசன் அண்ணைக்கு இதெல்லாம் பெரிய அநியாயமாகப் பட்டது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் படங்களைத் தேடிப் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டு வருகிறவர் அவர்தான்.

“அந்தக் குரலுக்கு அந்த நடிகர் எவ்வளவு பாடுபட்டிருப்பார், அக்கா. நீங்கள் ஒரு பொத்தானில அமத்திப் போடுறியள்.”

“பாடுபட்டவருக்குச் சம்பளம் குடுத்திட்டினம். எனக்கு ஆர் தாறது?” என்றீர்கள்.

உங்களுக்குக் கீறின படம்தான் உயர்ந்தது. ஆட்கள் நடிக்கிற படத்தில் அவர்களுடைய வாய் ஆங்கிலத்துக்கே அசையும், அதற்குள் எங்கள் சொல்லை நுழைக்க ஏலாது என்பீர்கள். கீறின வாய் சும்மா திறந்து மூடும், எந்த ஊர்க் கதையும் அதற்குள் போகும். நான் உங்கள் கட்சி இல்லை. கீறின முகத்தில் களைப்புத் தெரியாது, வியர்வை கீறித்தான் வரவேண்டும், ஆள் என்றால் ஆளே வேண்டும் என்று வாதாடுவேன். ஒருமுறை ஆட்கள் நடித்த படமொன்றில், வீரனின் தாய் மகனுடைய கிழிந்த மேலங்கியை மடித்து வைத்துவிட்டு அழுதாள். நீங்கள் அவளுக்காகத் தொடங்கிய வசனத்தைப் பாதியில் விட்டீர்கள். சத்தத்தைப் போட்டீர்கள். “இவ உண்மையா அழுகிறா. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?” நான் வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். நீங்கள் மறுக்கவில்லை. அடுத்த காட்சியில் பொத்தானை மறுபடி அழுத்தினீர்கள், அவ்வளவுதான்.

யார் எந்த வேடத்துக்குப் பொருத்தம் என்று எவ்வளவு சண்டை பிடித்திருக்கிறோம். நிரோசன் அண்ணை தோள் அகலம், உயரம் என்று கணக்குப் பார்ப்பார். நீங்கள் பவுசர் வண்டியில் குடிதண்ணீர் கொண்டு வருகிற அண்ணையைத்தான் முதல் வீரனாகப் போடுவீர்கள். அவருக்கு முழங்கால் நோவு, பறக்க ஏலாது என்று நான் சொன்னால், “பறந்து என்ன செய்யிறது? சொன்ன நேரத்துக்குத் தண்ணி வந்தாக் காணும்” என்பீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை ‘நீர்’ என்ற சொல்லுக்காக வந்தது.

“வில்லனைப் போய் ஆராவது நீர் எண்டு சொல்லுவினமோ?” என்று நிரோசன் அண்ணை கதிரையை விட்டு எழுந்தே விட்டார். “உலகத்தை அழிக்க வந்து நிக்கிறான். நீ எண்டெல்லோ சொல்லவேணும்.” அன்றைக்கு நானும் அவர் பக்கம்தான். நீங்கள் படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: “நீ எண்டு சொன்னா உடன அடிக்கவேண்டி வரும். நீங்கள் எண்டு சொன்னாப் பயந்தமாதிரி. நீர் எண்டா இன்னும் கொஞ்சம் கதைக்கலாம்.”

அதற்குப் பிறகு ஒருநாள் நீங்கள் வேலை செய்த சங்கக் கடைக்கு வந்தேன். அரிசி நிறை குறைவு என்று ஒருவர் மேசையில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தார். நீங்கள் தராசைத் துடைத்தபடி, “நீர் கொஞ்சம் இரும். முதல்ல கதைப்பம்” என்றீர்கள். அது முகமூடிக்காரரின் வசனம், அதே குரல். கடையில் இருந்து படத்துக்குப் போனதா, படத்தில் இருந்து கடைக்கு வந்ததா? கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

ஒரு தொடரின் மூன்றாம் படத்தில் வீரனாக வேறு நடிகர் வந்தது நினைவிருக்கும். இது அவர் இல்லை என்று நான் அறைக்குள் போய் இருந்துவிட்டேன். நீங்கள் கதவடியில் வந்து நின்றீர்கள். “உடுப்பு அதுதானே. ஊர் அதுதானே. ஆபத்து எண்டா ஆரோ ஒருத்தர் அந்த உடுப்பைப் போடத்தானே வேணும்.”

“அப்ப நாளைக்கு உங்களுக்குப் பதிலா வேற ஆள் வந்து கதைச்சா?”

“நல்லாக் கதைச்சா வைச்சிரும். இல்லாட்டிக் கலைச்சுவிடும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். பகிடியா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியாகத் தொடங்கிய படம் கீறின படம். முகமூடிக்காரர் நெடுநாளைக்குப் பிறகு தன் ஊருக்கு வருகிறார். இரும்புக் கை உள்ளவர் அவரை மறிக்கிறார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருநாள் காலை முகமூடிக்காரர் ஒருவருக்கும் சொல்லாமல் படகேறிப் போய்விட்டார், இரும்புக் கைக்காரரின் கோபமெல்லாம் அதற்குத்தான். இருவரும் இறங்குதுறையில் நேருக்கு நேர் வந்து நிற்கிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. “மிச்சம் வாற ஞாயிறு” என்று எழுந்தீர்கள். அந்த ஞாயிறு வருவதற்குள் ஒருநாள் கடைக்குப் போன உங்களை, நெஞ்சு நோகிறது என்று யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பேருந்து பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு ஒருநாள், துளசி இல்லாத நேரம், இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த முதல் பாதியைச் சத்தத்தோடு பார்த்தேன். எனக்கு இப்போது ஆங்கிலம் ஓரளவு பிடிபடும். சின்னம்மா, அவர்கள் ஒன்றாகப் படித்தவர்களே இல்லை. இரும்புக் கைக்காரர் எங்கிருந்தோ வந்த விஞ்ஞானி. படகும் இல்லை, வாங்கும் இல்லை. நீங்கள் அவ்வளவு நேரம் பேசவைத்த ஓரிடத்தில் முகமூடிக்காரர் ‘நில்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அறிய ஆசையாக இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “சண்டைக் காலத்தில எங்கட வகுப்பில பாதிப் பேர் அப்பிடித்தான். பின்னேரம் ஒண்டா விளையாடுவம். விடியப் பாத்தா வீடு பூட்டிக் கிடக்கும்.”

அதற்குப் பிறகுதான் மிச்சத்தைப் பார்க்க எனக்குப் பயம் வந்தது. சத்தத்தைப் போட்டால் அந்த விஞ்ஞானியின் கதை. போடாவிட்டால் உங்கள் கதையை யாராவது முடிக்கவேண்டும்.

இன்று துளசியிடம், சத்தத்தோடு பார்ப்போம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“சத்தத்தைப் போட்டா அது அவர் இல்லை” என்றாள். நான் அறைக்குள் போயிருந்து சொன்ன அதே வார்த்தை. என்ன செய்வது, கதவடியில் நின்று நீங்கள் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். உடுப்பு அதுதான், ஊர் அதுதான்.

“அப்ப நீங்கள் கதையுங்கோ” என்றாள்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு தொடங்கினோம். உங்கள் கதிரையில் நான் இருக்கவில்லை, பாயில் துளசியோடு இருந்தேன். முதல் வசனத்தை உங்கள் குரலில் சொன்னேன்.

“சின்னம்மா மாதிரிக் கதையாதேங்கோ. பொய்யாக் கிடக்கு.”

என் குரலில் சொன்னேன். அது மெல்லியதாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல இருந்தது. துளசி படத்துக்குத் திரும்பினாள். இறங்குதுறை வந்தது. இருவரும் நிற்கிறார்கள். என் முறை வந்தால் வில்லனை ‘நீ’ என்றுதான் சொல்வேன் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முகமூடிக்காரரின் வாய் திறந்தது.

“நீர் கொஞ்சம் இரும். முதல்ல கதைப்பம்.”

இரும்புக் கைக்காரருக்கு நான் இன்னும் வசனம் யோசித்திருக்கவில்லை. அவருடைய வாய் அசைந்தது. குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

“என்னத்தைக் கதைக்கக் கிடக்கு? நீர்தானே சொல்லாமல் போனனீர்.”

அம்மா ஒருநாளும் இதில் சேர்ந்ததில்லை, உங்களுக்குத் தெரியும். கரண்டி சட்டியில் படுகிற சத்தமும் நின்றிருந்தது. அம்மா உங்களை எப்போதும் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“அக்கா, அவரின்ர வாய் அசையுது. சொல்லுங்கோ” என்று துளசி இடித்தாள்.

“ஓம், சொல்லாமல்தான் போனனான்” என்றேன். “கோபம் எண்டா கோபிச்சுக்கொள்ளும். ஆனா கதையாமல் இராதையும்.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிரம்புக் கதிரையில் இருந்தார். படம் முடியும்வரை இரும்புக் கைக்காரருக்கு அம்மாதான் பேசினார், நன்றாகவே ஏசினார். கடைசியில் அவர் கடலுக்குள் விழுகிறார். அவர் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார் என்று அம்மா தானாகவே ஒரு வசனம் போட்டார்.

துளசி எங்கள் இருவரையும் பார்த்து, “அக்கா கடகடவெண்டு கெதியாக் கதைக்கிறா. அம்மா பரவாயில்லை,” என்றாள். “ரெண்டு பேரையும் வைச்சிருப்பம்.”

அந்த இடத்தில் படத்தில் உண்மையாக என்ன சொல்கிறார்கள் என்று நான் இனித் தேடிப் பார்க்கக்கூடும். எனக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும், உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் உண்மையில் அறிய விரும்புவது அந்தப் பென்னுக்குள் இல்லை. கரண்ட் போகாமல் இருந்திருந்தால், முகமூடிக்காரரை நீங்கள் என்ன பதில் சொல்ல வைத்திருப்பீர்கள்? ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பொத்தானில் விரலை வைக்கும்போது கேட்பேன்.

புது உறையில் அந்த இடத்தை நான் மூடவில்லை.