பிரெஞ்சுக்காரி செத்த தீட்டு

ஆவணி 9, ஞாயிறு.

டீக்கடைப் பேப்பரில் அந்தப் பிரெஞ்சு நடிகை செத்துப்போன சேதி. பாண்டிச்சேரி ஓட்டலில் நான் பரிமாறிய காலத்தில் என்னை அண்ணா என்று கூப்பிட்டவள். வெறும் பாட்டுக்காரியாக இருந்தவளைச் சினிமாவுக்குப் போகச் சொன்னதே நான்தான்.

தங்கை புருஷனுக்கு என் புகழைக் கண்டால் வயிறு எரியும். கடை முழுக்கக் கேட்கும்படி, "இன்னா மச்சான், தங்கச்சி செத்துட்டா, தலை முழுகலையா?" என்றான். வீம்புக்குக் குழாயடியிலேயே முழுகினேன்.

"அப்போ உனக்குத் தீட்டுதான். நாளைக்குக் காதுகுத்துல எம்பொண்ணு உம்மடியில உட்காராது" என்றான், பாவி. குழந்தைக்கு நான் ஒருவன்தான் தாய்மாமன்.

தங்கை அழுதுகொண்டே வந்தாள். "அந்தப் பொம்பளையப் பாத்ததே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுண்ணா."

சொன்னால் குழந்தை மடிக்கு வந்துவிடும். ஆனால் பாரிஸில் கண்மூடும்போதும் என் பேரைச் சொன்னவளாயிற்றே, எப்படிச் சொல்வேன்?