இரக்கப் பொய்

அன்புள்ள அக்கா,

சுற்றிவளைத்து எழுத எனக்கு வராது. அம்மாவுக்குப் புற்றுநோய். டாக்டர் இங்குள்ள வழக்கப்படி, நோயாளியிடம் சொல்லாமல் அப்பாவிடமும் என்னிடமும் மட்டும் சொன்னார். அம்மாவிடம் வயிற்றுப்புண் என்றே சொல்லி வைத்திருக்கிறோம்.

லீட்ஸில் வளரும் உன் மகனோடு பேச அவள் ஆங்கிலம் படிப்பது உனக்குத் தெரியும். நேற்றைய பாடம் பொய், ஏமாற்று பற்றிய சொற்கள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அவள் நம் செக் மொழியில் பொருள் சொன்னாள். 'லை' என்றால் 'லெஷ்', 'ஃப்ராட்' என்றால் 'போத்வோத்'. எல்லாம் சரி. 'ஒயிட் லை' வந்ததும் நிறுத்தினாள்.

"வெள்ளைப் பொய்யா? நாம இரக்கப் பொய்னு சொல்வோமே, அதுவா?"

"அதேதாம்மா. அடுத்தது போலாம்."

"இருடா இன்ஜினியர். நீயும் அப்பாவும் வயித்துப்புண்ணுன்னு சொல்றீங்களே, அதுவும் இதுலதானே சேரும்?"

நான் பாடப் புத்தகத்தை மூடினேன்.

"எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட உளறிடாதே. பொய் சொல்ல வராத மனுஷன். தினமும் கசகசா பன் வாங்கிட்டு வந்து, என் மூஞ்சியப் பாக்காம நீட்டுறாரு. பாவம், விட்டுடு. அக்காவுக்கும் எழுது, அம்மாவுக்கு வலியே இல்லைன்னு."

அப்பாவிடம் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் உனக்கு அப்படி எழுத என்னால் முடியாது. அவளுக்கு வலிக்கிறது அக்கா, ரொம்ப. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. பையனைக் கூட்டிக்கொண்டு வா.

உன் தம்பி