மே மாத லீவு யாருக்கு?

கோத்தகிரி,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மாமாவுக்கு,

வாணி எழுதுகிறேன். அத்தை, பாப்பா, நான் மூவரும் நலம். மஸ்கட்டில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்களும் களைத்திருக்கிறீர்கள், நானும் களைத்திருக்கிறேன். முக்கியமான பேச்சு வரும்போது யாராவது ஒருவர் கொட்டாவி விடுகிறோம், பேச்சு நாளைக்குப் போய்விடுகிறது.

அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. பனிக்காலம் போனால் சரியாகும் என்றார்கள். பனி போய்விட்டது, வலி போகவில்லை. வாராவாரம் குன்னூருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் நேரில்தான் காட்டுவேன் என்று போனில் வாயை மூடிக்கொள்கிறாள்.

மே மாத லீவில் வந்து பெரிய பரீட்சைக்குப் படிக்கப் போவதாகவும், வாரவாரியாகத் திட்டம் போட்டு வைக்கும்படியும் சொன்னீர்கள். பெங்களூரில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து, ஒரு கம்பெனியின் நெட்வொர்க் முழுவதையும் கட்டி, கெட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து காட்ட வேண்டிய பரீட்சை. நீங்கள் இரண்டு முறை தவறியதை நான் குத்திக் காட்டவில்லை. அதை எளிதில் தாண்டுகிறவர்கள் குறைவு என்று எனக்கும் தெரியும்.

திட்டம் போட உட்கார்ந்த அன்றுதான் அந்தக் கூத்து நடந்தது. நான் நெட்வொர்க் பார்க்கும் டீ கம்பெனியின் சேரம்பாடி ஃபேக்டரியை ஆபீஸோடு இணைக்கும் ரவுட்டரில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. கோத்தகிரியிலிருந்தே உள்ளே போய், யார் யார் நுழையலாம் என்ற விதியை மாற்றினேன். முதலில் வெளியே தள்ளப்பட்டவள் நானே. நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டின கதைதான். தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன், சற்று நேரத்தில் அது தானாக அணைந்து பழைய நிலைக்கே எழும்படி சொல்லி வைத்துவிட வேண்டும், அப்போதுதான் தவறு நேர்ந்தாலும் பிழைக்கலாம் என்று எனக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள். அத்தையின் மாத்திரை, பாப்பாவின் ஸ்கூல் வேன், உங்கள் திட்டம் எல்லாம் சேர்ந்து தலையில் ஓடியதில் அதை மறந்தேன்.

அப்புறம் என்ன, பஸ்தான். ஊட்டி, கூடலூர், அங்கிருந்து சேரம்பாடி. போய்ச் சேர்ந்தபோது இலை எடைக் கணக்கு ஆபீஸுக்குப் போகாமல், எல்லாவற்றையும் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரி சூப்பர்வைசர் மனுவேல் சத்தம் போடுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் பால் விடாத கட்டன் சாயா ஒன்று கொடுத்துவிட்டு, "இத்தனை ஃபேக்டரியும் நீங்க ஒராள்தானா நோக்குறீங்க, மேடம்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, ரவுட்டரில் வயரை நேராகச் சொருகி உள்ளே போனேன். சரிசெய்ய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குத்தான் அவ்வளவு மலையும் ஏறி இறங்கியிருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் திட்டத்தை எடுத்தேன். எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் என்று பிரிக்கப் பிரிக்க, இது எனக்குத் தெரியுமே, இதுவும் தெரியுமே என்று தோன்றிக்கொண்டே வந்தது. இரண்டு முறையும் உங்களுக்குப் பயிற்சிக் கணக்குகள் தயாரித்து அனுப்பியது நான்தானே. வேண்டுமென்றே ஒரு கோளாறை வைத்து, அது தீருமா என்று நானே தீர்த்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீங்கள் ஊரான் பிள்ளை இல்லைதான், ஆனாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

மாமா, இந்த முறை பரீட்சையை நான் எழுதுகிறேன்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துணி மடித்துவிட்டு வந்தேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், மனம் வரவில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கும் இத்தனை நாள் இருந்தது, சொல்லவில்லை. நான் தேறினால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைக்கும். அப்புறம் நீங்கள் அங்கே இருந்துதான் தீர வேண்டும் என்பதும் இல்லை.

திட்டத்தை எனக்காகப் போட்டுவிட்டேன். காலையில் சமையல் முடிந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். மதியம் வரை யாரும் தட்டக் கூடாது, நீங்களும்தான். பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு, அவள் உங்கள் பொறுப்பு. குன்னூருக்கு அத்தையை நீங்கள் கூட்டிப் போக வேண்டும். சீசன் என்று கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கிளம்பும் சொந்தக்காரர்களுக்கு நீங்களே போன் போட்டு, இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் மருமகள் சொன்னதாகிவிடும், நீங்கள் சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த மாதத்துக்கு எனக்கும் ஆபீஸில் லீவு கேட்டிருக்கிறேன். எல்லா ஃபேக்டரியையும் நான் ஒருத்திதான் பார்க்கிறேன் என்பது சேரம்பாடி விஷயத்தில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது, மறுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம்தான். கோபம் வந்தால் கோபப்படுங்கள், பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது மாமா. படித்தால் வருகிற களைப்பு இல்லை இது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாமி உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது பாப்பாவுக்குப் பேரீச்சம்பழமும் அத்தைக்குத் தைலமும் வாங்கி வாருங்கள். உங்கள் புத்தகங்களை இந்த ஒரு முறை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள்,
வாணி.