வெளிச் சத்தம் கேட்காத இயர்போன்

19 ஜனவரி 2025, ஞாயிறு

பாகலூர் சாலைக் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். ஏழு ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன்.

கடைக்காரர் முதலில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, “பேஸ் பாருங்க மேடம், காதே குலுங்கும்” என்றார். குலுங்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் கேட்கும் ஹெவி மெட்டல் பாட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் பெடலை இரண்டு காலாலும் மிதிப்பார், தையல் மிஷின் வேகத்தில். பேஸ் என்கிற அடிச்சத்தத்தைக் கூட்டி வைத்த ஹெட்போனில் அவ்வளவு மிதியும் ஒன்றாகக் கலந்து கூழாகிவிடும். எனக்கு ஒவ்வொரு மிதியும் தனித்தனியாக விழ வேண்டும். கிட்டார் இரண்டும் இடம் வலமாகப் பிரிந்து நிற்க வேண்டும். டிரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தாம்பாளங்களை அடிக்கும்போது காதில் ஊசி குத்தக் கூடாது. இவ்வளவுதான் கேட்கிறேன். ஆனால் இதைச் செய்யும் ஹெட்போன் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை.

கடைசியில் என் போனிலிருந்து என் பாட்டைப் போட்டேன். கடைக்காரர் தானும் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றினார். “என்ன மேடம் இப்பிடிக் கத்துறானுங்க? யாருக்கு, தம்பிக்கா?”

“ஆமா, தம்பிக்குத்தான்.”

எனக்குத் தம்பியே கிடையாது. இருபத்தெட்டு வயசு, கம்பெனியில் ஐந்து வருட சர்வீஸ், ஒரு கடைக்காரரிடம் இது எனக்குப் பிடித்த பாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு மிஞ்சின. காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன் ஒன்று, காதுக்குள் வைக்கிற ஒயர் இல்லாத சின்ன இயர்போன் ஒன்று. கேட்க நன்றாக இருந்தது பெரியதுதான். கண்ணை மூடினால் மேடைக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. ஆனாலும் சின்னதை வாங்கினேன். பஸ்ஸில் வசதி என்பதால்.


22 ஜனவரி, புதன்

பஞ்சு போன்ற அந்த நுனி காதுக்குள் விரிந்து அடைத்ததும் ஓசூரே நின்றுபோனது. பிறகு பாட்டு. இந்தப் பாட்டில் மூன்றாவது கிட்டார் ஒன்று இருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியவே தெரியாது!


29 ஜனவரி, புதன்

கம்பெனி பஸ்ஸில் மாரம்மாக்கா பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். பேரிகைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறார். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கான்ட்ராக்டரிடம் தெலுங்கு. எந்த மொழியில் பேசினாலும் சத்தமாகத்தான் பேசுவார். ஸ்டோர்ஸில் சரக்கைத் தூக்கி இறக்கும் ஸ்டாக்கர் வண்டியை நான் ஓட்டுகிறேன், அவர்தான் எனக்குத் துணையாள். நான் சரக்குப் பலகையைத் தூக்கி நிறுத்துவேன். அவர் அடியில் மரக்கட்டையை வைத்து, கையை எடுத்துவிட்டு “விடு” என்பார். நான் இறக்குவேன். சரக்கு உயரம் என் கண்ணை மறைக்கும். அதனால் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வேலை. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது.

“என்னம்மா எந்நேரமும் காதுல? சாமி பாட்டா?”

“ஆமாக்கா.”

“நல்லது. எனக்கும் ஒரு நாள் போட்டுக் காட்டு.”


6 பிப்ரவரி, வியாழன்

மாரம்மாக்காவின் கை பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இடது கை. நான்தான் இறக்கினேன்.

மேஸ்திரி சின்னராஜ் ஓடி வந்து லீவரைத் தூக்கினார். நான் தூக்கவில்லை. எனக்குக் கை ஓடலை. கையுறையோட — வேண்டாம், எழுத முடியலை.


7 பிப்ரவரி, வெள்ளி

மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்களாம். சின்னராஜ் வந்து சொன்னார். மாரம்மாக்கா போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாராம்.

பதினோரு மணிக்கு சேஃப்டி ஆபீசர் அண்ணாதுரை சார் என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னார்.

“பயப்படாம சொல்லும்மா. அவங்க ‘விடு’ன்னு சொன்னாங்களா?”

“சொன்ன மாதிரி கேட்டுச்சு சார்.”

“மாதிரியா? கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சார்.”

எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாகத்தான் இருந்தது.


9 பிப்ரவரி, ஞாயிறு

இது நான் எனக்கு எழுதிக்கொள்ளும் நோட்டு. வேறு யாரும் படிக்கப்போவதில்லை. இதிலுமா பொய் எழுதுவேன்?

எழுதியிருக்கிறேன். பஸ்ஸுக்காக வாங்கவில்லை. பெரிய ஹெட்போன், கம்பெனி தருகிற காது மூடிக்குள் போகாது. சின்னது போகும். கடையில் நின்று அதைத்தான் யோசித்தேன். இயர்போன் வைத்து, மேலே காது மூடியை மாட்டினால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் இரைச்சலும் வராது. போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது விதி, நான் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தேன். எது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்து நான் தேர்ந்தெடுக்கவில்லை. வெளிச் சத்தத்தை எது நன்றாக அடைக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நன்றாகவே அடைத்தது.

எனக்கு “விடு” கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. முதல் சில நாள் அவர் வாயிலிருந்து ‘விடு’ வரக் காத்திருந்து, ஒரு காதில் மட்டும் வைத்திருந்தேன். அப்புறம் கைக்கு நேரம் பழகிவிட்டது. கட்டை வைக்க இவ்வளவு நேரம் ஆகும், அப்புறம் இறக்கலாம் என்று கையே இறக்கிவிடும். அன்றைக்குப் பாட்டில் எல்லாம் நின்று, ஒரு நொடி அமைதிக்குப் பிறகு டிரம்ஸ் மொத்தமாக விழும் இடம். நான் ஆசையாகக் காத்திருந்த இடம். அது விழுந்தபோது லீவரை அழுத்தினேன்.

எவ்வளவு நேரம் கத்தியிருப்பாங்க?


11 பிப்ரவரி, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்துதான் கிளம்பினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மாரம்மாக்கா கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். மகள் சுவேதா பக்கத்தில். நர்சிங் படிக்கிற பெண், அம்மாவின் கட்டை அவ்வப்போது தூக்கிப் பார்த்தபடி இருந்தாள்.

“சாப்ட்டியாம்மா?” அதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி.

பிறகு மெதுவாக, “ஏம்மா, நான் ‘விடு’ன்னா சொன்னேன்? ‘இரு, இரு’ன்னுதான் கத்துனேன்னு நெனப்பு. அப்பறம் ‘நில்சு’ன்னு கன்னடத்துல கூடக் கத்துனேன். ஆனா சாரு வந்து, நான் ‘விடு’ன்னு சொன்னதா நீ எழுதிக் குடுத்திருக்கியாம்னு சொல்றாரு. நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சு போல.”

நான் என்ன சொன்னேன்? “ரெஸ்ட் எடுங்கக்கா” என்றேன்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தேனா, யாராவது கொண்டுவந்து விட்டார்களா என்றே நினைவில்லை.


15 பிப்ரவரி, சனி

இயர்போனைக் கையில் எடுத்தேன். திரும்ப டப்பாவிலேயே வைத்தேன்.


18 பிப்ரவரி, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. ‘உதவியாளர் சரக்கின் அடியில் கை இருக்கும்போதே சைகை கொடுத்தது விபத்துக்குக் காரணம்.’ நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் அதில் இல்லை. ‘ஆபரேட்டர் முறைப்படி இயங்கினார்.’

கேன்டீனில் சின்னராஜ் சொன்னார்: “மாரம்மாவ இனிமே எடுக்க வேணாம்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. கவனமில்லாத ஆளுன்னு பேரு வந்துருச்சுல்ல. பதினோரு வருசம். ஒரு நாள் லேட்டா வந்ததில்ல அந்தம்மா.” என் தட்டைப் பார்த்துவிட்டு, “நீ சாப்புடு. நீ என்ன பண்ணுவே” என்றார்.

இரவு, அறைத்தோழி ராஜலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் இதே சிப்காட்டில் வேறொரு கம்பெனி. “நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதுடி” என்றாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இயர்போன் டப்பாவை எடுத்து, காலையில் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்தேன்.


19 பிப்ரவரி, புதன்

சொல்லிவிட்டேன்.

ஷிப்ட் தொடங்கும் முன்பே அண்ணாதுரை சார் அறைக்குப் போனேன். “சார், அன்னிக்கு எனக்கு ‘விடு’ன்னு கேக்கல.”

“அப்ப என்ன கேட்டுச்சு?”

“பாட்டு சார்.”

அவருக்குப் புரியவில்லை. இயர்போன் டப்பாவை மேசை மேல் வைத்தேன். பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய காது மூடியைப் பார்த்தார்.

“இதுக்குள்ளயா?”

“ஆமா சார்.”

“எத்தன நாளா?”

“வாங்குனதுலேர்ந்து. இதுக்குள்ள போற மாதிரி பாத்துதான் வாங்குனேன்.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நீ எழுதிக் குடுத்தத நம்பித்தாம்மா நான் கையெழுத்துப் போட்டேன். நான் போயி அந்தம்மா கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, நீங்கதான் தப்பா சொல்லிட்டீங்கன்னு சொன்னேன். அவங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. தெரியுமா?”

தெரியாது.

“பதிமூணு நாளு ஏன் சொல்லல?”

பதில் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். ஒருவரின் கையை விட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

மறுபடி எழுதித் தந்தேன். இந்தத் தடவை எழுத்து கோணலாகப் போனது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இயர்போனை ஒரு கவரில் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டார்கள்.


9 மார்ச், ஞாயிறு

மாரம்மாக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவை பாகலூர் வரை போய்த் திரும்பி வந்து, இன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

சுவேதா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். ‘அவளு’ என்பது மட்டும் புரிந்தது. அன்று ஆஸ்பத்திரியில் என்னை அக்கா என்று கூப்பிட்ட பெண்.

அக்கா வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நான் எதிரே கல்லில் உட்கார்ந்தேன்.

“அக்கா, நான் —”

“சாரு போன் பண்ணிச் சொன்னாரு.” கையை மடியில் வைத்துக்கொண்டார். கட்டு சின்னதாகியிருந்தது. கட்டோடு சேர்ந்து கையும் சின்னதாகத் தெரிந்தது. “விரலு போனது போச்சு. அது ஆத்திரம் வேற. ஆனா நீ எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னியே. ‘நான் விடுன்னா சொன்னேன்’னு உன்னதானே கேட்டேன். என் வாயே என்ன ஏமாத்திருச்சேன்னு தெனம் அழுதேன்மா.”

அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன். அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டி வரும். நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டேன்.

“என்ன பாட்டு அது? போடு.”

“வேணாங்க்கா.”

“போடும்மா. சாமி பாட்டுன்னு சொன்னீல்ல.”

போன் ஸ்பீக்கரில் போட்டேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மிதியும் இல்லை, கிட்டாரும் இல்லை, தகரத்தை உதைக்கும் சத்தம் மட்டும்தான். நான் கொண்டாடியது ஒன்றும் அதில் இல்லை. சுவேதா கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தட்டுமாக்கா?”

“இரு. எந்த எடத்துல?”

புரிந்தது. புரியாத மாதிரி இருக்க முடியவில்லை. பாட்டு ஓடியது. எல்லாம் நின்றது. ஒரு நொடி. டிரம்ஸ் விழுந்தது.

“இங்கக்கா.”

அவர் தலையை ஆட்டினார். “இதுதானா” என்றார். படியிலிருந்து எழுந்து, “பஸ் நாலு மணிக்கு. விட்டா அப்பறம் ஆறரைக்குத்தான். கெளம்பு” என்றார்.


24 மார்ச், திங்கள்

முடிவு வந்துவிட்டது. வேலை போகவில்லை. ஸ்டாக்கர் ஓட்டும் அனுமதி நிரந்தரமாகப் பறிக்கப்பட்டது. இந்த வருடச் சம்பள உயர்வு கிடையாது. இனி பேக்கிங்கில் பரிசோதனை மேசை. பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர், நான் செய்தது, நான் சொன்ன பொய், மூன்றும் இருக்கின்றன. கேன்டீனுக்குப் போகிற வழியில்தான் அந்தப் பலகை.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் ஓசூர் வரை காலி.


20 ஏப்ரல், ஞாயிறு

இரண்டரை மாதத்துக்குப் பிறகு அறையில் ஒரு பாட்டை மெதுவாக வைத்தேன். பழைய சந்தோஷம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ராஜலட்சுமி எட்டிப் பார்த்து, “என்னடி இது கர்மம்?” என்றாள்.

“எனக்குப் பிடிக்கும்” என்றேன்.


5 மே, திங்கள்

மாரம்மாக்கா வேலைக்கு வந்துவிட்டார். கான்ட்ராக்டர் வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார் என்கிறார் சின்னராஜ். லேபிள் ஒட்டும் வேலை. என் மேசைக்கு நாலு மேசை தள்ளி. என்னைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, திருப்பிக்கொள்ளவும் இல்லை.


16 ஜூன், திங்கள்

புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பெண்களுக்கு இன்று பாதுகாப்பு வகுப்பு. ஸ்டோர்ஸில் என்ன நடந்தது என்று என்னையே சொல்லச் சொன்னார் அண்ணாதுரை சார். முடியாது என்று சொல்லத்தான் போனேன். அறைக்குள் நுழைந்தால் கடைசி வரிசையில் மாரம்மாக்கா உட்கார்ந்திருந்தார். அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை.

ஆரம்பித்தேன். காது மூடி, இயர்போன், லீவர். என் குரல் எனக்கே யாரோ அறிவிப்பு வாசிப்பது போலக் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண் கொட்டாவியை அடக்கினாள்.

“...அதன் காரணமாக, உடன் பணிபுரிந்தவருக்குக் கையில் காயம் ஏற்பட்டது” என்றேன்.

“காயம் இல்ல.”

எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. கை மேசை மேலே இருந்தது, மறைக்காமல்.

“ரெண்டு வெரலு போச்சுன்னு சொல்லும்மா.”

“ரெண்டு விரல் போச்சு” என்றேன். “என்னாலதான் போச்சு. கேட்டப்ப, அவங்க மேல பழியப் போட்டேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன்.

“ம். மேல சொல்லு” என்றார்.

சொன்னேன்.