வயரைப் பிடுங்கியாச்சு

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரோடு ஒரு சண்டை. யாரோ நம் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதுபோல இந்த வாரம் ஒருநாள் ஒத்திகை. எந்த நாள் என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு அறையிலும் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்க வேண்டும், பிறகு கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் என்னைக் கூப்பிட வேண்டும். "நிஜமாவே பிடுங்கினா பேஷன்ட் எல்லாம் காத்துக் கிடப்பாங்கம்மா. பிடுங்கியாச்சுன்னு வாயால சொன்னா போதாதா?" என்றார். போதாது என்றேன். அப்புறம் வழக்கம்போல நான்தான் இறங்கி வந்தேன். சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: ஒத்திகையில் சொன்னால் போதும்.

மாலை அண்ணன் வீடு. அவனுக்குக் குரல்வளையை எடுத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா இவனைப் பார்த்துத்தான் சொல்வாள். அறுவைக்கு முன் எங்கள் ரெக்கார்டிங் அறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து குரலைப் பதிந்து வைத்திருக்கிறான். அதைக் கொண்டு அவன் குரலிலேயே பேசும் கருவி செய்வார்கள். கொடுத்த வாக்கியங்களைப் படிடா என்றால், என்னைத் திட்டும் திட்டுகளையும் சேர்த்துப் பதிந்தான். வாய்க்கொழுப்பு! சிலேட்டில் எழுதிக் காட்டினான்: "என் குரல் எப்ப வரும், சுண்டெலி?"

"அடுத்த வாரம் அனுப்பறோம்ணா."

மார்ச் 4

அலமாரியில் பூட்டிவைக்கும் டிஸ்க்கில், அண்ணனுடையது உட்படப் புதுப் பதிவுகளின் நகலை இன்னும் ஏற்றவில்லை. ஒத்திகை முடியட்டும்.

மார்ச் 6, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். ரெக்கார்டிங் அறையிலிருந்து போன். குரல் பதிகிற பெண் சிரித்துக்கொண்டே பேசினாள். "அக்கா, உங்க ஒத்திகை பிரமாதம்! ஸ்க்ரீன் முழுக்கக் கறுப்பு, பணம் குடுன்னு கொட்டை எழுத்துல வருது. வயரைப் பிடுங்கியாச்சு."

நான் இன்னும் ஒத்திகையைத் தொடங்கவே இல்லை.

"பிடுங்கியாச்சுல்ல?"

"பிடுங்கியாச்சுக்கா."

அப்பாடா, இனி வயர் வழியாகச் சர்வருக்குப் பரவாது, அங்கிருக்கும் குரல்கள் தப்பின என்று நினைத்தேன். இது நிஜம்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் தோன்றவில்லை. வரவேற்பறைக்கு ஓடினேன், கணக்கு அறைக்கு ஓடினேன், கண்ணில் பட்ட வயரையெல்லாம் பிடுங்கினேன். ரெக்கார்டிங் அறைதான் பத்திரமாயிற்றே என்று அங்கே கடைசியாகப் போனேன்.

வயர் சுவரிலேயே இருந்தது. அதன் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா போதும்னு நீங்கதானேக்கா போட்டிருந்தீங்க?"

போட்டிருந்தேன்.

மார்ச் 7

வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மெயிலில் வந்த ஏதோ ஒரு கோப்பைத் திறந்ததில் உள்ளே நுழைந்திருக்கிறதாம். யார் திறந்தது என்று பெரிய டாக்டர் கேட்டார். "அதைத் தெரிஞ்சு இப்ப என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அலமாரி டிஸ்க்கில் இருந்த பழைய குரல்கள் பத்திரம். அதற்குப் பிறகு பதிந்தவை போய்விட்டன. அந்த ஆட்களில் பலருக்கு இன்னும் அறுவை ஆகவில்லை, திரும்ப வந்து பேசிவிடுவார்கள். மூன்று பேருக்கு ஆகிவிட்டது.

கேட்ட பணத்தைக் கொடுத்துத் தொலைப்போம் என்று முதலில் சொன்னது நான்தான். ஊருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்று பாடம் எடுப்பவள்! கொடுத்தவர்களுக்கும் கோப்புகள் உருப்படியாகத் திரும்பியதில்லை என்றார் நிபுணர். பெரிய டாக்டர் முடியாது என்றுவிட்டார். அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அந்த ஒரு வரியையும், ஏற்றாமல் விட்ட டிஸ்க்கையும்.

திட்டுண்ணா, நல்லாத் திட்டு என்றேன். என்ன மடத்தனம், எதை வைத்துத் திட்டுவான்? சிலேட்டை எடுத்து எழுதினான்: "தப்பிச்ச. என் திட்டு மிச்சம்."

சிரிக்க வைக்கத்தான் எழுதினான். அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டாள். வெளியே வரவே இல்லை.

மார்ச் 10

ரெக்கார்டிங் பெண் வேலையை விடுகிறேன் என்று வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "போகாதே. பார்த்த உடனே நீ கூப்பிட்ட பாரு, அது சரி. உன்னை அனுப்பிட்டா அடுத்த தடவை ஒருத்தரும் எனக்குப் போன் பண்ண மாட்டாங்க" என்றேன். அவளுக்குச் சொன்ன சமாதானத்தில் கொஞ்சம் எனக்கும் ஆறுதல் கிடைத்திருக்கலாம். இல்லை.

மார்ச் 18

இப்போது தினமும் டிஸ்க்கில் ஏற்றி, கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள்.

ஏப்ரல் 22

அண்ணனுக்குக் கருவி வந்துவிட்டது. கடையில் வாங்கின குரல். யாரோ செய்தி வாசிப்பவர் போல. தட்டெழுதிப் பழகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் தட்டினான். "வா, சுண்டெலி" என்றது கருவி. அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு சுத்தமாக. அவன் சொன்னால் 'சு'விலேயே கேலி தொடங்கிவிடும்.

நல்லா இருக்குண்ணா என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 12

ஒத்திகை. அந்த வரியை எடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மணி அடித்ததும் ரெக்கார்டிங் அறைக்குத்தான் முதலில் போனேன். அவள் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நிஜமாகவே பிடுங்கியிருந்தாள். மைக்கின் முன்னால் ஒரு வயதானவர். அடுத்த வாரம் அவருக்கு அறுவை. பேத்தியைக் கூப்பிடுவதுபோல ஏதோ பதிந்துகொண்டிருந்தாராம், பாதியில் அறுந்துவிட்டது.

"போச்சாம்மா? மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லணுமா?"

"ஆமாங்கய்யா. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிரித்தபடி, முதலிலிருந்து சொன்னார்.