ஒரு ‘ம்’ வெட்டிய வாசல்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, என் மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். நேற்றுப் போட்டேனே, பாதிப் பேச்சில் “ம், சரிம்மா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாய், அதனால்தான்.

அக்கரைக்குக் காரும் ஜனமும் ஏற்றிப் போகிற நம் படகு வருஷாந்திர வேலைக்காகக் கரையேறி நிற்கிறது. உன் அப்பாவுக்கு டீ கொண்டு போனேன். இன்ஜின் அறை ஏணியில் இறங்கின மனுஷன் முன்பக்கத்து அறையின் ஏணி வழியாக மேலே வந்து நின்று சிரிக்கிறார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே போய்ப் பார்த்தால் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற இரும்புச் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு வழி வெட்டி வைத்திருக்கிறான் உன் தம்பி. கதவுகூடக் கிடையாது, ஓரத்தை மட்டும் வழவழவென்று தேய்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறான். கேட்டால், “அப்பா முழங்கால் வலியோட எத்தனை தடவைம்மா ஏணி ஏறி இறங்குவாரு” என்று என்னையே மடக்குகிறான். படகின் அடிவயிற்றை அறை அறையாகத் தடுத்து ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து தனி ஏணி வைத்ததே ஒன்றில் தண்ணீர் புகுந்தால் அதோடு நிற்கட்டும் என்றுதானே, மற்ற அறைகள் காய்ந்திருந்தால்தானே படகு மிதக்கும். கனமெல்லாம் கீழே இருக்கட்டும் என்று கார் நிற்கிற தளத்தை இரும்பிலும் அதற்கு மேலே ஜனங்கள் உட்காரும் தளத்தை லேசான அலுமினியத்திலும் கட்டினவர்கள் என்ன வேலையற்றவர்களா? நீ படிக்கிற காலத்தில் சாப்பாட்டு மேஜையில் படம் போட்டுப் போட்டு என் உயிரை வாங்கினாயே, அது எனக்கே மறக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தின்றவனுக்கு எப்படி மறந்தது?

அடுத்து அவன் சொன்னதைக் கேள். “அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் வெட்டினேன், ம்னு சொன்னா” என்கிறான். கப்பல் கட்டுகிற இடத்தில் வரைபடம் போடுகிறவள் வாயிலிருந்து வந்தால் அவனுக்கு அது வேதவாக்கு. நீ எந்த பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டு அந்த ‘ம்’மைப் போட்டாயோ தெரியாது, இங்கே அது ஆள் நுழைகிற ஓட்டையாகிவிட்டது. உன் அப்பாவும் “அவளே சொல்லிட்டா, அப்புறம் என்ன” என்று முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வந்தாலும் முதலில் கீழே இறங்குகிறவர் அவர்தான், அவர் குணம் உனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறதடி.

அடுத்த மாசம் படகைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். டிக்கெட் அறைச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுவிட்டேன், அந்தச் சுவரை அடைக்கிறவரை ஒரு டிக்கெட்கூடக் கிழிக்க மாட்டேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லியாயிற்று. அதற்கு உன் அப்பா சொன்ன பதில் “ம்”. நீ யாரைக் கொண்டு பிறந்தாய் என்று இனிமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை முழுசாகப் படித்துவிட்டு உன் தம்பிக்கு போன் போடு, நின்ற இடத்தில் நின்று, அடைத்துவிடு என்று வாய் திறந்து சொல். அப்பா முழங்காலுக்கு நல்ல உறை ஒன்று வாங்கி அனுப்பு. நீ நன்றாக இரு, நீ கோடு போட்ட கப்பலில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கரை சேரட்டும், நம் படகில் ஏறுகிறவர்களும் சேரட்டும்.

உன் பதிலுக்காக டிக்கெட் அறையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா